வலவன் இல்லாத கட்டுரைகள்: முன்னோடி விமானிகளை நாம் எழுதும் முறை



பிறையில் இருப்பவர்களுக்கு விமானம் புதிய செய்தி இல்லை. பினாங்குப் பாலத்தில் ஏறினால் பாயான் லெப்பாசில் இறங்கப்போகும் விமானம் கண்ணில் படும். பட்டர்வொர்த் பக்கம் போர் விமானம் கிளம்பினால் வகுப்பில் பேச்சு நின்றுவிடும். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்வோம். இப்படித் தினமும் பார்ப்பதால்தானோ என்னவோ, விமானத்தைப் பற்றி எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். நாமும் ஒரே மாதிரி எழுதத்தான் கற்றுக்கொடுக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் படிவம் ஐந்து மாணவர்களுக்கு, வானில் பறக்க வழிகாட்டிய முன்னோடிகளைப் போற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். வந்த தாள்களில் பாதிக்கு மேல் ஒரே தொடக்கம்: விமானத்தை உலகுக்கு முதலில் சொன்னவன் தமிழன், அதற்குப் புறநானூறே சான்று. திருத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், ஓட்டுறவரே இல்லாத வண்டின்னுதானே அந்தப் பாட்டுல வருது? அப்புறம் அதுல விமானிக்கு என்ன பெருமை?"

அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. பழைய பாட்டை எடுத்து முழுதாகப் படித்தேன். படித்த பிறகுதான், நாங்கள் சொல்லிக்கொடுக்கும் மாதிரிக் கட்டுரையின் குறை என்ன என்பது எனக்குப் புரிந்தது. இந்தக் கட்டுரை அந்த மாணவிக்கான பதில்தான். உங்கள் வகுப்புக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

1. மாதிரிக் கட்டுரை எப்படி இருக்கிறது?

கடைகளில் கிடைக்கும் பயிற்சி நூல்களையும், நானே பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த குறிப்புகளையும் வைத்துச் சொல்கிறேன். முதல் பத்தியில் புறநானூறு. இரண்டாம் பத்தியில், "1903ஆம் ஆண்டு ரைட் சகோதரர்கள் விமானத்தில் பறந்தனர்." மூன்றாம் பத்தியில் விமானத்தின் நன்மைகள்: விரைவு, வணிகம், சுற்றுலா. நான்காம் பத்தியில் முயற்சியைப் பற்றிய திருக்குறள், கூடவே ஒரு பழமொழி. முடிந்தது.

இலக்கணப் பிழை இல்லாமல் எழுதினால் இந்தக் கட்டுரை தேறிவிடும். ஆனால் கேள்வி என்ன? முன்னோடிகளைப் போற்றுக என்பது. போற்ற வேண்டிய மனிதர் இதில் எங்கே இருக்கிறார்? தேடிப் பாருங்க. விமானம் பறக்கிறது, ஆண்டு இருக்கிறது, நன்மை இருக்கிறது. இருக்கையில் ஆள் இல்லை.

"ரைட் சகோதரர்கள் பறந்தனர்" என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்தியில் ஒருவர்தான் குப்புறப் படுத்துக்கொண்டு செல்ல முடியும். 1903 டிசம்பர் 14ஆம் நாள் அண்ணனும் தம்பியும் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். அண்ணன் வில்பருக்கு வாய்ப்பு விழுந்தது. அவர் ஏறினார். மூன்றரை விநாடிதான் நிலைத்தது, ஊர்தி மணலில் விழுந்து சேதமானது. பழுதுபார்த்துவிட்டு 17ஆம் நாள் மீண்டும் வந்தார்கள். இம்முறை தம்பி ஆர்வில் முறை. 12 விநாடி, 120 அடி. அதே நாள் நான்காவது முறையாக வில்பர் ஏறியபோது 59 விநாடி, 852 அடி.

அதற்கு முன் நடந்ததையும் பாருங்கள். 1901இல் அவர்கள் செய்த மிதவை ஊர்தி எதிர்பார்த்தபடி எழும்பவில்லை. இன்னும் ஐம்பது ஆண்டுக்கு மனிதன் பறக்கப் போவதில்லை என்று அந்த ஆண்டு தம்பியிடம் சொன்னதாக வில்பரே பிற்பாடு ஒரு கூட்டத்தில் ஒப்புக்கொண்டார். மனம் உடைந்து வீட்டுக்கு வந்தவர்கள், காற்று ஊதும் நீள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, அதற்குள் ஏறத்தாழ 200 சின்னச் சின்ன இறக்கை மாதிரிகளை வைத்து அளந்தார்கள். மற்றவர்கள் எழுதிவைத்த கணக்கை நம்பாமல் சொந்தக் கணக்கைப் போட்டார்கள். இரண்டே ஆண்டில் பறந்தார்கள்.

இவ்வளவும் "பறந்தனர்" என்ற ஒரே சொல்லுக்குள் புதைந்துபோகிறது. இதில் எந்த இடம் ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தேவை? 1903 என்ற எண்ணா, 1901இல் உடைந்த மனமா?

2. புறம் 27: நாம் வெட்டி எடுத்த பாட்டு

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். நாம் மேற்கோள் காட்டுவது புறநானூற்றின் 27ஆம் பாடல். பாடியவர் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். பாடப்பட்டவன் சோழன் நலங்கிள்ளி. வலவன் என்றால் தேரோட்டி, இன்றைய வழக்கில் ஓட்டுநர். ஓட்டுநர் செலுத்தாமலே செல்லும் வான ஊர்தியைப் பற்றி அதில் ஒரு குறிப்பு வருகிறது. நாம் அதை மட்டும் நறுக்கி எடுத்து, "பார்த்தீர்களா, தானியங்கி விமானம்!" என்கிறோம்.

பாட்டு முழுவதும் என்ன சொல்கிறது? நல்ல குடியில் பிறந்தவர்கள் உலகில் நிறைய பேர். அவர்களை எண்ணிப் பார்த்தால், புலவர்கள் பேசும்படியும் பாடும்படியும் வாழ்ந்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் தாமரை இலைபோல் இருந்த சுவடு தெரியாமல் அழிந்தவர்கள். புலவர் பாடும் புகழ் உடையவர்கள், தம் கடமையை முடித்த பிறகு, ஓட்டுநர் தேவைப்படாத ஊர்தியில் வானுலகம் சேர்வார்கள் என்று தான் கேட்டிருப்பதாகப் புலவர் சொல்கிறார். ஆகவே, அரசே, உன்னிடம் வருகிறவர்களுக்குக் கொடு என்று முடிக்கிறார்.

அந்த ஊர்தி இறந்தவர் புகழின் பரிசு. தொழில்நுட்பச் செய்தி இல்லை. மனிதன் இறக்கை கட்டிப் பறப்பதைக் கிரேக்கரும் கற்பனை செய்தார்கள். அதை வைத்து அவர்கள் விமானம் செய்தார்கள் என்று யாரும் தேர்வில் எழுதுவதில்லை.

இதைச் சொன்னால் சில ஆசிரியர் நண்பர்களுக்கு வருத்தம் வரும் என்று தெரியும். தமிழின் பெருமையைக் குறைக்கிறாய் என்பார்கள். நான் சொல்வது நேர்மாறானது. பாட்டின் உண்மையான கருத்து நம் தலைப்புக்கு அப்படியே பொருந்துகிறது. யார் நினைக்கப்படுகிறார், யார் தாமரை இலையாய் மறைகிறார், நினைவில் வைப்பது யார் கடமை என்பதுதான் அந்தப் பாட்டின் கேள்வி. முன்னோடிகளைப் போற்றும் கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் உண்டா? நாம் ஊர்தியைப் பிடித்துக்கொண்டு பாட்டை விட்டுவிட்டோம்.

3. மயிற்பொறியில் ஓட்டுநர் உண்டு

ஓட்டுநர் வேண்டும் என்றால் நம் இலக்கியத்தில் வேறு இடத்தில் இருக்கிறார். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியைத் திறங்கள். ஏமாங்கத நாட்டு அரசன் சச்சந்தன், ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் விட்டுவிட்டு அந்தப்புரத்தில் மூழ்கிக் கிடந்தவன். அரசி தீக்கனவு கண்ட பிறகு, மயில் வடிவில் ஒரு பறக்கும் பொறியைச் செய்யச் சொல்கிறான். அதை ஓட்டக் கற்றுக்கொள்பவள் அரசி விசயை. பொறியை வலமாகத் திருகினால் மேகத்தைக் கிழித்து மேலே ஏறும், இடமாகத் திருகினால் கால் ஊன்றித் தரையில் இறங்கும் என்று புலவர் இயக்கும் முறையையே சொல்கிறார்.

கட்டியங்காரன் அரண்மனையை வளைத்ததும், நிறைமாதக் கர்ப்பிணியான விசயையைச் சச்சந்தன் மயிலில் ஏற்றி அனுப்புகிறான். போகும் வழியில் கட்டியங்காரனின் வெற்றி முரசு அவள் காதில் விழுகிறது. கணவன் இறந்தான் என்று தெரிந்து மயங்குகிறாள். மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான்.

இதுவும் கற்பனைதான். இதை வைத்து விமானம் கண்டுபிடித்தோம் என்று எழுதவேண்டாம். ஆனால் எழுதும் முறையைக் கவனியுங்கள். திருத்தக்கதேவர் பொறியை மட்டும் வியந்துவிட்டு நகரவில்லை. அதை இயக்கும் கை யாருடையது, அந்தக் கைக்கு யார் பயிற்சி கொடுத்தது, எந்த நிலைமையில் அவள் ஏறினாள், வானத்தில் இருக்கும்போது அவள் காதில் என்ன விழுந்தது என்பதையெல்லாம் சொல்கிறார். அதனால்தான் அந்தக் காட்சி நினைவில் நிற்கிறது. நம் மாதிரிக் கட்டுரை செய்யத் தவறியதை ஒரு பழைய காப்பியம் செய்திருக்கிறது.

இதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு உண்மையான விமானிகள் சிலரைப் பார்ப்போம். நமக்குப் பக்கத்தில் நடந்தவையாகவே எடுத்திருக்கிறேன்.

4. சென்னையில் ஓர் ஓட்டல்காரர்

1910ஆம் ஆண்டு மார்ச் மாதம். சென்னைத் தீவுத்திடலில் மக்கள் முன்னால் ஒரு விமானம் எழுந்தது. ஓட்டியவர் ஜாக்கமோ டி ஆஞ்சலிஸ். கோர்சிகா தீவைச் சேர்ந்தவர், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர். 1909 ஜூலையில் பிரெஞ்சுக்காரர் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி உலகெங்கும் பரவியிருந்தது. அது டி ஆஞ்சலிசையும் பிடித்துக்கொண்டது. தானே வடிவமைத்து, சென்னைச் சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் செய்வித்து, பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு மக்கள் முன் கொண்டுவந்தார்.

கோச்சு வண்டி செய்த பட்டறை, சாப்பாட்டுக் கடை நடத்தியவர், சென்னை வெயில். இவை மூன்றும் சேர்ந்து ஒரு விமானம்! இந்தியாவில் விமானம் என்றதும் பாடநூல்கள் பெரும்பாலும் 1911 பிப்ரவரி 18ஐச் சொல்லும். அன்று அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனிக்கு, ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி ஏறத்தாழ 6,500 கடிதங்களை எடுத்துச் சென்றார். உலகின் முதல் அதிகாரபூர்வ வான் அஞ்சல் அது. சிறப்பான நிகழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே தமிழ் மண்ணில் பறந்தவரைத் தமிழ்க் கட்டுரைகள் சொல்வதில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊர்திக்கு ஒரு பத்தி ஒதுக்குகிறோம். நூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு முன் சென்னையில் உண்மையாகவே பறந்த ஊர்திக்கு ஒரு வரி இல்லை. உறையூர்ப் புலவர் சொன்ன தாமரை இலை இதுதான்.

இன்னொரு தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் மூட்டையோடு விமானம் ஓட்டி வந்தார். இதுவரைக்கும்தான் எல்லாரும் எழுதுவது. பம்பாயிலிருந்து அந்த அஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். அந்தச் சேவைக்கான யோசனையோடு டாட்டாக்களிடம் வந்தவரும் அவரே. கடைசிப் பாதியை ஓட்டியவர் பெயர் பல கட்டுரைகளில் விழுந்துவிடுகிறது.

5. தோற்றுப்போன ஏமி ஜான்சன்

இப்போது நம் வட்டாரத்துக்கு வருவோம். 1930 மே 5ஆம் நாள், லண்டன் குராய்டன் திடலிலிருந்து 26 வயதுப் பெண் ஒருத்தி தனியாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினாள். பெயர் ஏமி ஜான்சன். ஹல் என்ற ஊரில் மீன் வணிகர் மகள். லண்டனில் வழக்குரைஞர் அலுவலகத்தில் தட்டச்சுப் பணி செய்தவள். ஓட்டியது பழைய ஜிப்சி மோத் விமானம், அதற்கு அவள் வைத்த பெயர் ஜேசன்.

அவளுடைய குறி, 1928இல் பெர்ட் ஹிங்க்லர் பதினைந்தரை நாளில் இதே வழியைப் பறந்த சாதனையை முறியடிப்பது. இந்தியாவுக்கு வரும்வரை அவளே முன்னிலையில் இருந்தாள். பர்மாவில் மழை பிடித்துக்கொண்டது. ரங்கூனுக்குப் பக்கத்தில் இன்சேனில், விமானத் திடல் என்று நினைத்து ஒரு விளையாட்டுத் திடலில் இறங்கி, பள்ளத்தில் மோதி இறக்கையையும் சுழலியையும் உடைத்துக்கொண்டாள். அங்கிருந்த தொழிற்கல்வி நிலையத்தார் கை கொடுத்தார்கள். போர்க்காலத்தில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்திருந்த சட்டைகளைப் பிரித்து இறக்கையை மூடினார்கள் என்று அந்தப் பயணத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு பேங்காக், அங்கிருந்து சிங்கோரா என்று அன்று அழைக்கப்பட்ட சொங்க்லா. நம் வட எல்லைக்கு அப்பால் கொஞ்ச தூரம்தான். அடுத்து சிங்கப்பூர். மே 24ஆம் நாள் டார்வினில் இறங்கினாள்.

பத்தொன்பதரை நாள். சாதனை முறியவில்லை. அவள் கணக்கில் அது தோல்வி. உலகமோ இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதல் பெண் என்று கொண்டாடியது. மாதிரிக் கட்டுரைகளில் இந்தக் கடைசி வரி மட்டும் வரும். இன்சேன் திடலும் சட்டைத் துணியும் வராது. அவை இல்லாமல் அந்தக் கடைசி வரிக்கு எடை ஏது?

இன்னொருத்தி பெஸ்ஸி கோல்மன். சிகாகோவில் முடிதிருத்தும் கடையில் நகம் அழகுபடுத்தும் வேலை செய்த கறுப்பினப் பெண். அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சு மொழி கற்றுக்கொண்டு பிரான்சுக்குப் போய் 1921 ஜூனில் உரிமம் வாங்கினாள். மொழி கற்றது விமானம் ஓட்ட! மொழி ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லவேண்டிய கதை இது.

நம்மவர்களிலும் உண்டு. சென்னையைச் சேர்ந்த உஷா சுந்தரம், பெங்களூர் ஜக்கூரில் 1949இல் பயிற்சி முடித்தவர். இந்திய விடுதலைக்குப் பிறகு உரிமம் பெற்ற முதல் பெண் விமானிகளில் ஒருவர். மதராஸ் அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை, 1951இல் கணவர் வி. சுந்தரத்தோடு லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார். தமிழ்ப் பெண் விமானி என்று எழுத நம் பிள்ளைகளுக்கு ஒரு பெயர் வேண்டுமென்றால், இதோ.

6. பினாங்குக்கு வராத விமானம்

பாயான் லெப்பாஸ் நிலையம் 1935இல் திறக்கப்பட்டது. 1936 மார்ச்சில் இங்கிருந்து ஹாங்காங்குக்குக் கிளை வழி தொடங்கி, டொராடோ என்ற விமானம் 24ஆம் நாள் அங்கே இறங்கியது. 1937 ஜூன் 28இல் வியர்ன்ஸ் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய ஊர்களை இணைக்கும் சேவையைத் தொடங்கியது. இவை தீவின் வரலாற்றில் பெருமையாகச் சொல்லப்படுபவை.

இந்த வெற்றிகளுக்கு நடுவில் ஒரு நாள் இருக்கிறது: 1935 நவம்பர் 8. ஆஸ்திரேலியாவின் சார்ல்ஸ் கிங்ஸ்போர்டு சுமித், 1928இல் பசிபிக் கடலை முதலில் பறந்து கடந்தவர்களின் தலைவர், அலகாபாத்திலிருந்து சிங்கப்பூருக்கு இரவோடிரவாகப் பறந்துகொண்டிருந்தார். துணைக்கு டாமி பெத்திபிரிட்ஜ். இங்கிலாந்து–ஆஸ்திரேலிய நேரச் சாதனையை இன்னொரு முறை முறியடிப்பது நோக்கம். அந்தமான் கடற்பக்கம் விமானம் காணாமல் போனது. ஒன்றரை ஆண்டு கழித்து, 1937 மே மாதம், பர்மாக் கரைக்கு அப்பால் ஆயே தீவருகே அதன் சக்கரத் தாங்கி ஒன்று கிடைத்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை. அவருக்கு வயது 38.

இதைக் கட்டுரையில் எழுதலாமா? வெற்றிக் கட்டுரையில் சாவு எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். எழுதத்தான் வேண்டும். இன்று சென்னையிலிருந்து பினாங்கு வருகிறவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கும் கடல்வழியில்தான், அன்று உலகின் தலைசிறந்த விமானிகளில் ஒருவர் மறைந்தார். ஆபத்தைச் சொல்லாமல் துணிவைப் போற்ற முடியாது.

7. எந்தக் குறளை எடுப்பது?

இங்கேதான் மேற்கோள் விஷயம் வருகிறது. மாணவர்கள் பெரும்பாலும் ஆள்வினையுடைமை அதிகாரத்தின் 616ஆம் குறளை எழுதுவார்கள். தவறில்லை. ஆனால் அது எந்தத் தலைப்புக்கும் ஒட்டும்: கல்வி, விளையாட்டு, தொழில், எதற்கும். எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதையும் தனியாக விளக்காது.

48ஆம் அதிகாரமான வலியறிதலை எடுத்துப் பாருங்கள். 471ஆம் குறள், செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையின் வலிமை நான்கையும் எடைபோட்டுச் செய் என்கிறது. விமானி கிளம்புமுன் செய்வது இதுதானே: தூரம், தன் உடல்நிலை, வானிலை, இயந்திரம்.

475ஆம் குறள், மென்மையான மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறது. 1926 செப்டம்பர் 21ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குக் கிளம்பிய ரெனே போங்க்கின் விமானம் அளவுக்கு மிஞ்சிய சுமையோடு ஓடியது. ஓடும்போதே துணைச் சக்கரத் தாங்கி பிய்ந்தது. விமானம் எழும்பாமல் கவிழ்ந்து எரிந்ததில் இருவர் இறந்தனர். அடுத்த ஆண்டு மே 20, 21இல் அதே வழியைத் தனியாகப் பறந்த சார்ல்ஸ் லிண்ட்பெர்க், வானொலிக் கருவியைக்கூட வேண்டாம் என்று இறக்கிவைத்தார், பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார், முப்பத்து மூன்றரை மணி நேரத்தில் சேர்ந்தார். ஒருவர் மயிலிறகுக் குறளை மீறினார், மற்றவர் அதன்படி நடந்தார்.

476ஆம் குறள், கொம்பின் நுனிவரை ஏறியவர் அதற்கு மேலும் ஏற முயன்றால் உயிருக்கே முடிவு என்கிறது. கிங்ஸ்போர்டு சுமித்தின் கடைசி இரவுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் படியுங்கள். பொருந்துகிறதா, அல்லது அவருக்கு இழைக்கும் அநீதியா? வகுப்பில் இதை விவாதிக்க விடுங்கள். நுனிக் கொம்புக்கு மேல் யாருமே ஏறிப் பார்க்கவில்லை என்றால் நாம் இன்றும் கப்பலில்தான் போயிருப்போம் என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தப் பிள்ளைக்கு முழுப் புள்ளி கொடுங்கள். குறளோடு வாதாடுகிற அளவுக்கு அதைப் புரிந்துகொண்டிருக்கிறது.

8. தேர்வுக் கவலை

"டீச்சர், இதெல்லாம் எழுத நேரம் எங்கே? எஸ்.பி.எம். தாளில் இவ்வளவு கதை சொல்ல முடியுமா?" நியாயமான கேள்வி. நான் ஐந்து விமானிகளை எழுதச் சொல்லவில்லை. ஒருவர் போதும். அவரைப் பற்றி மூன்றே கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: அன்றைக்கு அவர் கையில் என்ன இருந்தது? எது தவறியது? தவறிய பிறகு என்ன செய்தார்?

இரண்டு பத்திகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் நானே எழுதியவை.

முதலாவது: "ஏமி ஜான்சன் ஒரு சிறந்த பெண் விமானி ஆவார். அவர் பல இன்னல்களைத் தாண்டி விடாமுயற்சியுடன் பறந்து உலகப் புகழ் பெற்றார். நாமும் அவரைப் போல் விடாமுயற்சியுடன் உழைத்தால் வாழ்வில் வெற்றி பெறலாம் என்பதில் ஐயமில்லை."

இரண்டாவது: "1930ஆம் ஆண்டு மே மாதம், பர்மாவில் ஒரு விளையாட்டுத் திடலில் ஏமி ஜான்சனின் விமானம் இறக்கை உடைந்து நின்றது. அவர் முறியடிக்க நினைத்த சாதனை கைநழுவிக்கொண்டிருந்தது. ஊர் திரும்ப அதுவே போதுமான காரணம். அவரோ இறக்கையைச் செப்பனிட ஆள் தேடினார். சாதனை போன பிறகும் பயணத்தை முடித்தார் என்பதே அவரைப் போற்றக் காரணம்."

பெயரை மாற்றிப் பாருங்கள். முதல் பத்தியில் ஏமி ஜான்சனை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் ஓடும். இரண்டாவதில் ஓடாது. இந்தச் சோதனையை உங்கள் ஒவ்வொரு பத்திக்கும் செய்து பாருங்க. அளவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நேரச் சாக்கும் சொல்ல முடியாது.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். குறை மாணவர்களிடம் இல்லை. நெடுங்காலமாக நான்தான் அந்தச் சட்டத்தைப் போட்டுக்கொடுத்தேன். பாதுகாப்பான கட்டுரை வேண்டும் என்ற பயம் எனக்கு. அதன் விலை என்ன என்று பிறகுதான் தெரிந்தது. கேள்வி கேட்ட அந்த மாணவி, ஆண்டுத் தொடக்கத்தில் எதிர்கால விருப்பம் என்ற இடத்தில் விமானி என்று எழுதியிருந்தாள். இயற்பியல் சோதனையில் தவறியதும் அதை அடித்துவிட்டு வேறு எழுதினாள். நாம் கொடுத்த கட்டுரைகளில் யாரும் தவறியதே இல்லை. எல்லாரும் முயன்றார்கள், வென்றார்கள். அவற்றை நம்பிய பிள்ளை, ஒருமுறை தவறியதும் இது நமக்கான வரிசை இல்லை என்று விலகிக்கொள்கிறது. 1901இன் வில்பரை அவளுக்கு யார் காட்டினார்கள்?

இப்போது காட்டியிருக்கிறேன். அடித்ததைத் திரும்ப எழுதினாளா என்று நான் கேட்கவில்லை. அவளுடைய இரண்டாவது கட்டுரை டி ஆஞ்சலிசில் தொடங்கியது. அதில் ஓட்டுநர் இருந்தார்.

பயிற்சி

1. புறநானூறு 27ஆம் பாடலை உரையோடு முழுமையாகப் படித்து, "புகழ் பெற்றவர் சிலர், மறைந்தவர் பலர்" என்ற கருத்தைக் கொண்டு முன்னோடி விமானி ஒருவரைப் பற்றி முன்னுரைப் பத்தி எழுதுக.

2. சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறியை இயக்கும் காட்சியையும், ஏமி ஜான்சனின் பயணத்தையும் ஒப்பிட்டு, "தனியே பறந்தவள்" என்ற தலைப்பில் கருத்து விளக்கக் கட்டுரை எழுதுக.

3. குறள் 471, 475, 476 ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது ஒரு விமானியின் முடிவுக்குப் பொருந்துகிறதா இல்லையா என வாதிடுக. பொருந்தவில்லை என்றும் வாதிடலாம்.

4. நீங்கள் முன்பு எழுதிய வரலாற்றுக் கட்டுரை ஒன்றை எடுத்து, பெயர் மாற்றும் சோதனையைச் செய்து, தோற்ற பத்தியைத் திருத்தி எழுதுக.

ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் கிடைத்த நல்ல பத்திகளை, மாணவர் பெயர் இல்லாமல், ஆசிரியர் கூட்டங்களில் பகிர்ந்துகொண்டால் நம் எல்லாருக்கும் பயன்படும்.